அந்த ஒரு மணி நேரம் மட்டும்

திருவண்ணாமலை
ஞாயிற்றுக்கிழமை

அன்பான எழிலுக்கு,

நானும் நிலாவும் சௌக்கியம். அயர்லாந்து வேலைக்கான இங்கிலீஷ் தேர்வு முடியும் வரை போன் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போனாய். கடிதம் எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. நிலாவின் குரலைக் கேட்டால் அழுகை வருகிறது, அப்புறம் ஒரு வரிகூட ஓடுவதில்லை என்றாயே. காகிதத்தில் குரல் கேட்காது. தைரியமாகப் படி.

முதலில் அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அதைத் தேடி மற்றதையெல்லாம் தாண்டிப் போவாய். போன வாரம் சளி பிடித்து லேசாகக் காய்ச்சல் வந்தது. நீ சொன்ன அளவில்தான் மருந்து கொடுத்தேன். சரியாகிவிட்டது. இப்போது பக்கத்து வீட்டு நாய்க்குட்டியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறாள். ரெட்டைச் சடை போடக் கற்றுக்கொண்டேன். ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் இருப்பதாக அவள் மிஸ் சொன்னார்களாம். ஒரு பெண்ணுக்கு அப்பாவே தலை பின்னுவது அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

பௌர்ணமிக் கூட்டம் கலைந்துவிட்டதால் கெஸ்ட் ஹவுஸில் வேலை கம்மி. செங்கம் ரோடே காலியாகக் கிடக்கிறது. நீ விட்டுப்போன பயிற்சிப் புத்தகத்தை ரிசப்ஷனுக்கு எடுத்துப் போனேன். இரண்டு முறையும் ரீடிங்கில் மட்டும் அரை மார்க்கில் நழுவினாயே, அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது. இத்தனை நாளும் உனக்கு நேரம் பார்த்துச் சொன்னேனே தவிர, ஒரு பாடத்தையும் நான் முழுசாகப் படித்ததில்லை.

நிலக்கடலையைப் பற்றி ஒரு பாடம். இது நம் சரக்கு என்று சந்தோஷமாக உட்கார்ந்தேன். பூ மேலே பூத்து, காய் எப்படி மண்ணுக்குள் போகிறது என்று நீளமாக எழுதியிருக்கிறார்கள். கேள்வியில், கடலையை வெயிலில் காயவைத்த பிறகே மூட்டை கட்டுவார்கள் என்று ஒரு வரி. சரியா, தவறா, பாடத்தில் சொல்லவே இல்லையா என்று எழுத வேண்டும். சரி என்று போட்டேன். வருஷா வருஷம் உங்கள் களத்தில் நானே காயவைத்திருக்கிறேன். விடையில் ‘சொல்லவில்லை’ என்று இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு மறுபடியும் முதல் வரியிலிருந்து தேடினேன். நிஜமாகவே இல்லை.

அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. புண் ஆறுவது பற்றிய பாடத்தில் தப்பு விழுந்த அன்று நீ புத்தகத்தோடு சண்டை போட்டாய். “வார்டுல தெனம் பாக்கறேன், இது எப்படித் தப்பாவும்?” என்று கேட்டாய். தூக்கத்தைப் பற்றிய பாடத்திலும் அப்படித்தான். பழைய பாலம், எறும்பு, கண்ணாடி என்று உனக்குச் சம்பந்தமே இல்லாத பாடங்களில் நீ ஒன்றிரண்டுக்கு மேல் விட்டதில்லை. தெரிந்த விஷயம் வந்தால்தான் நழுவுகிறாய். பாடத்தில் இல்லாததை உன் அனுபவம் நிரப்பிவிடுகிறது. எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், சிரிக்காதே. ரீடிங் எழுதுகிற அந்த ஒரு மணி நேரம் மட்டும் நீ நர்ஸாக இருக்காதே. வெளியே வந்து மறுபடி ஆகிக்கொள்.

என் மார்க்கைக் கேட்காதே. நிலா பக்கத்தில் இருந்து “டைம் ஓவர்” என்று சொன்னபோது நான் பாதியில்தான் இருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கீழ்பென்னாத்தூரிலிருந்து உன் அப்பா வந்திருந்தார். நிலாவை மடியில் வைத்துக்கொண்டு அவள் சடையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, “இன்னும் எத்தினி தபா எழுதுவா மாப்ள? போதும், வந்து கொயந்தயப் பாக்கச் சொல்லுங்க” என்றார்.

“அவ போதும்னா போதும் மாமா. நான் சொல்ல மாட்டேன்” என்றேன்.

அவருக்கு வருத்தம். வைத்த காபியைக் குடிக்காமல் எழுந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியில் கூட்டிப்போனேன். பஸ் கிளம்பும் நேரத்தில் ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார். “அந்த அயர்லாந்துல குளுரு ஜாஸ்தியாமே. அவளுக்குக் குளுரே ஆவாதே” என்றார். நல்ல ஸ்வெட்டராக வாங்கலாம் மாமா என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். எழில், அவர் உன்னைத் தடுக்கவில்லை. அவருக்கு அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நேற்று நானும் நிலாவும் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டோம். அவசரம் ஒன்றும் இல்லை, தயாராக இருக்கட்டும் என்றுதான். வாயை மூடு என்று போட்டோக்காரர் எவ்வளவு கெஞ்சியும் அவள் பல்லைக் காட்டிக்கொண்டே இருந்தாள். நீ போய் ஒரு வருஷம் ஆன பிறகுதான் எங்களைக் கூப்பிட முடியும் என்று எனக்குத் தெரியும். அந்த வருஷத்தைப் பற்றி இப்போது யோசிக்காதே. நானும் யோசிப்பதில்லை.

வேளைக்குச் சாப்பிடு. தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி கண் விழிக்காதே. நீ நினைத்தபடியே எல்லாம் கூடி வரட்டும். எப்படி எழுதியிருந்தாலும் நேராக ஊருக்கு வா. பஸ் எந்நேரம் வந்தாலும் நான் வண்டியோடு நிற்பேன், அவசரப்பட்டு ஆட்டோ பிடித்துவிடாதே. வீட்டுக்குள் வந்துவிட்டால் நிலா உன்னை எனக்கு விடமாட்டாள். அதுவரைக்குமாவது என் பின்னால் உட்கார்ந்து வா.

என்றும் உன்,
அறிவுச்செல்வன்