ஒழுகும் இடம் கண்டு சொல்லப்படும்

செப்டம்பர் 9, 1996, திங்கள்

போர்டு வந்துவிட்டது. "காளிச்சாமி. கூரை பரிசோதனை. ஒழுகும் இடம் கண்டு சொல்லப்படும்." பெயிண்டர் யாரும் கேட்காமலே ஓரத்தில் ஒரு தாமரைப் பூவும் போட்டிருக்கிறான். கேட்டில் கட்டி அரை மணி நேரம் ஆகவில்லை, எதிர்வீட்டு பங்காரம்மா ஆஜர்.

"ஏனுங்க, ஒழுகற எடத்தச் சொல்லுவீங்க, சரி. அடைக்கறது?"

"அது கொத்தனார் வேலைங்க. நான் பாத்து எழுதிக் குடுப்பேன்."

"பாக்கறதுக்குன்னு ஒரு ஆளா!" தெரு முழுக்கச் சொல்ல ஒரு சேதி கிடைத்த பூரிப்போடு போனார்.

மில்லில் இருபத்திரண்டு வருஷம் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். ஷெட்டில் எந்தத் தகடு எந்த மழைக்கு ஒழுகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மில்லை மூடி ஒன்பது மாதம். வேறென்ன தெரியும் எனக்கு?

சாந்தாமணி சோறு போடும்போது சொன்னாள்: "தீவாளி வரைக்கும் பாருங்க. ஆகலைன்னா எங்கண்ணன் பட்டறைக்குப் போயிருங்க." பெரியநாயக்கன்பாளையத்தில் தம்பிதுரை மச்சானின் மோட்டார் பம்பு பட்டறை. கேட் பக்கத்தில் எனக்காக ஒரு நாற்காலியும் ஒரு விசிலும் காத்திருக்கின்றன.

சொல்லி முடிக்கும்போது குழம்பில் ஒரு சொட்டு விழுந்தது. கூரை பரிசோதகர் வீட்டுச் சமையலறை ஒழுகுகிற சேதி இந்த டைரியைத் தாண்டக் கூடாது.

செப்டம்பர் 17, செவ்வாய்

இரண்டு வீடு முடிந்தது. மொட்டை மாடியில் நின்றால் ஊர் ரகசியமெல்லாம் காய்ந்துகொண்டிருக்கிறது. கல்யாண வீடுகளில் "நான் சுத்த சைவமுங்க" என்று தனி இலை கேட்பாரே ஒருவர் (பேர் வேண்டாம்), அவர் மாடியில் ஒரு முறம் நெத்திலிக் கருவாடு!

என் ரகசியத்தையும் எழுதிவிடுகிறேன். எனக்கு ஏணி ஆகாது. மூன்றாவது படியில் தலை சுற்றும். மில்லில் மேலே ஏறினதெல்லாம் மற்றவர்கள். கீழே நின்று கை காட்டினது நான். அதனால் படிக்கட்டு இருக்கிற வீடுகளை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். எங்கள் சமையலறை மேலே போக ஏணி வேண்டும். ஆகவே அது ஒழுகுகிறது.

செப்டம்பர் 26, வியாழன்

கணபதி ஏரியாவில் ராசாத்தாள் டீச்சர் வீடு. ரிட்டயர்டு ஆகிப் பத்து வருஷம், வீட்டுக்காரர் தவறி ஐந்து வருஷம். சாமி ரூமில் லைட் மாட்டுகிற இடத்திலிருந்து சொட்டுகிறது. கீழே ஒரு பித்தளை அண்டா, நாலு வருஷமாக அங்கேயே குடித்தனம். மூன்று காண்ட்ராக்டர்கள் வந்து மாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பூச்சுத் தளம் போட்டிருக்கிறார்கள். ஒழுகல் அசையவில்லை.

மகன் மோகன்குமார் பேங்கில் ஆபீசர். "ஒழுகற ஊட்ட வெச்சுட்டு என்னம்மா பண்றது? வித்துப்போட்டு பிளாட்டுக்கு வந்துருங்க" என்கிறாராம்.

டீச்சர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அவுரும் நானும் செங்கல்லுக்குத் தண்ணி ஊத்திக் கட்டுன ஊடுங்க தம்பி. எடம் மட்டும் தெரிஞ்சாப் போதும். நான் எங்கியும் போகமாட்டேன்."

இந்த வீட்டில் மட்டும் நான் தோற்கக் கூடாது.

அக்டோபர் 3, வியாழன்

ரசாக் பாய் மில்லில் என் கூட்டாளி. இப்போது திருப்பூரில் சாயப்பட்டறை. பனியன் சாயம் நாலு பொட்டலம் கொடுத்தார்.

டீச்சர் வீட்டு மாடியில் ஈர மண்ணால் வரப்பு போட்டு நாலு பாத்தி. கிணற்றுத் தண்ணீர் விட்டு, ஒன்றில் சிவப்பு, ஒன்றில் நீலம், ஒன்றில் பச்சை, ஒன்றில் ரோஸ். எந்தக் கலர் கீழே சொட்டுகிறதோ, மேலே அந்தப் பாத்திதான் குற்றவாளி. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். பக்கத்து வீட்டம்மா மட்டும் சுவருக்கு மேல் தலை நீட்டி, "குடிக்கவே தண்ணி மூணு நாளைக்கு ஒருக்கா வருது, நீங்க மாடில வெள்ளாமை வெக்கறீங்களா?" என்றார்.

அக்டோபர் 5, சனி

சாயத் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. அண்டா காய்ந்து கிடக்கிறது. ஒரு கலரும் இறங்கவில்லை. "மாடியில் குறை இல்லை" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் வைத்துக் கொடுத்தேன்.

அக்டோபர் 14, திங்கள்

மதியம் பெரிய மழை. எங்கள் வீட்டில் போன் இல்லை; டீச்சர் பங்காரம்மா வீட்டுக்குப் போன் செய்ய, அங்கிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். ஓடினேன். அண்டாவில் ணங், ணங். தண்ணீர் பளிங்கு மாதிரி. ஒரு கலரும் இல்லை.

மோகன்குமார் என் காகிதத்தை விரித்துப் பிடித்தார். "சீல் நெம்ப நல்லா விழுந்துருக்குதுங்க." ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் வருகிறார் என்றார்.  டீச்சர் அண்டாவைத் தூக்கி ஊற்றிவிட்டு, அதே இடத்தில் திரும்ப வைத்தார்.

அக்டோபர் 15, செவ்வாய்

சாந்தாமணி காலண்டரில் தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினாள். அதுதான் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 18, வெள்ளி

உண்மையை எழுது, காளிச்சாமி. அந்த வீட்டில் நீ பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது. மாடிப் படிக்கட்டு ரூமின் மேல்தளம். அதற்குப் படி கிடையாது. ஏணி போட்டுத்தான் ஏற வேண்டும். அதனாலேயே அதைக் கூரைக் கணக்கில் சேர்க்கவில்லை. தலை சுற்றுகிறது என்று சொல்ல வெட்கப்பட்டு, குறை இல்லை என்று சீல் வைத்தாயே — நீயெல்லாம் ஒரு ஆளா? அந்தம்மா ஊட்டை விட்டுப் போவோணும், நீ இங்க டைரி எழுதிட்டு உக்காந்திருக்கோணுமா?

அக்டோபர் 20, ஞாயிறு

ஏறினேன்.

காலையிலேயே போய் டீச்சரிடம் ஒப்புக்கொண்டேன். "தம்பி, நான் புடிச்சுக்கறேன், ஏறுங்க" என்று மாடியில் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டார். பதினோரு படி. ஏழாவதில் குலதெய்வம், ஒன்பதாவதில் சாந்தாமணி, பதினொன்றில் யாரும் ஞாபகம் வரவில்லை. மேலே தவழ்ந்துதான் போனேன்.

நடுவில் துருப்பிடித்த நாலு போல்ட் ஓட்டை! மீதமிருந்த ரோஸ் சாயத்தைக் கரைத்து, டீச்சர் கயிற்றில் கட்டிவிட, நான் மேலே இழுத்த குடத்துத் தண்ணீரை ஊற்றினேன். அதற்குள் மோகன்குமாரும் புரோக்கரும் வந்து நேராகச் சாமி ரூமுக்குப் போயிருக்கிறார்கள். நான் குப்புறப் படுத்திருந்ததால் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா! என்னமோ ரோஸா... என் சட்டைல!"

டீச்சர் ஏணியை விட்டுவிட்டு இறங்கி ஓடினார். (நான் கெட்டியாகப் படுத்துக்கொண்டேன்.)

பிறகுதான் கதை வெளியே வந்தது. தொண்ணூற்றிரண்டில் கிரிக்கெட் பார்க்க மோகன்குமார் அங்கே டிஷ் ஆன்டெனா நிறுத்தியிருக்கிறார். கேபிள் வந்ததும் டிஷ்ஷைக் கழற்றினார், ஓட்டையை மறந்தார். ஒரு போல்ட் கூரைக்குள் புதைத்த ஒயர் குழாயைத் துளைத்திருக்கிறது. தண்ணீர் குழாய் வழியாகச் சுவருக்குள் இறங்கி நேரே சாமி லைட்டுக்கு.

டீச்சர் சத்தமே போடவில்லை. "ஏன் கண்ணு, அந்த நாலு ஓட்டை யாரு போட்டது?"

மோகன்குமார் சட்டையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். புரோக்கர் செருப்பைத் தேடினார். சாயம் போகாது. ரசாக் பாய் சரக்கு.

என்னை இறக்க மோகன்குமார்தான் ஏணியைப் பிடித்தார். பாதியில், "படி பாத்துங்க" என்றார். நல்ல மனுசன்தான்.

அக்டோபர் 24, வியாழன்

கொத்தனார் ஓட்டைகளை அடைத்து மேலே பூசினார். அரை நாள் வேலை.

நவம்பர் 8, வெள்ளி

நாளை மறுநாள் தீபாவளி. காலையிலிருந்து அடைமழை. பங்காரம்மா வீட்டிலிருந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. பொறுக்க முடியாமல் காந்திபுரம் போய் பஸ் மாறி, நனைந்துகொண்டே கணபதி போனேன்.

டீச்சர் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தார். "எதுக்குங்க இந்த மழைல?" சாமி ரூமைப் பார்த்தேன். அண்டா இல்லை. தரையில் வட்டமாக அதன் தடம் மட்டும். சீலிங்கில் ரோஸ் கறை அப்படியே. "பையன் வெள்ளையடிக்கட்டுமான்னான். தொடாதன்னு சொல்லிப்போட்டேன். வரவங்களுக்கெல்லாம் காட்டோணும்ல" என்று சிரித்தார். காட்டியதில் அந்தத் தெருவிலேயே மூன்று வீடு என்னைக் கேட்டிருக்கிறதாம்.

கிளம்பும்போது அண்டா நிறைய அதிரசம் வைத்து, "அண்டா உங்களுக்கே இருக்கட்டும். எனக்கு இனி வேலையில்லைங்க" என்றார்.

வீட்டில் சாந்தாமணி அதிரசத்தை எடுத்து வைத்தாள். அண்டாவைக் கழுவினாள். சமையலறையில் சொட்டுகிற இடத்துக்குக் கீழே வைத்தாள். ணங்.

"அண்ணன் போன் பண்ணாங்க. நீங்க பட்டறைக்கு வரலைன்னு சொல்லிப்போட்டேன்."

நான் வாயைத் திறப்பதற்குள், முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, "ஏனுங்க கூரைக்காரரே, எங்க ஊட்டுக்கு எப்ப வாரீங்க?"

ஏணி பங்காரம்மா வீட்டில்தான் இருக்கிறது. கேட்டால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

மழை விட்டதும் கேட்க வேண்டும்.