ஆண்ட்ரோமெடாவும் தை முகூர்த்தமும்

17-11-1971, புதன்

மகளைப் பெண் பார்க்கக் கம்பைநல்லூரிலிருந்து மாலையில் வந்தார்கள். பேசி முடிப்பதற்குள் இருட்டி, கரண்டும் போய்விட்டது. சும்மா இருக்காமல் மாப்பிள்ளையின் அப்பாவை வாசலுக்கு அழைத்துப்போய், உச்சிக்குச் சற்று வடக்கே மங்கலாகத் தெரிந்த ஆண்ட்ரோமெடா நட்சத்திர மண்டலத்தைக் காட்டினேன். சுருள் வடிவம், கோடிக்கணக்கான நட்சத்திரங்கள், இருபது லட்சம் ஒளியாண்டு தூரம் என்றேன். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். அது நம்மை நோக்கி வந்துகொண்டிருப்பதையும் சொல்லிவிட்டேன். போன தடவை வந்தவர்கள் இதைக் கேட்டுத்தான், சகுனம் சரியில்லை என்று எழுந்து போனார்கள். உள்ளிருந்து மனைவி இருமினாள்.

அவர் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"வந்து சேர எத்தன நாளாகுமுங்க, வாத்தியாரே?"

"சில நூறு கோடி வருஷமாகுங்க."

"அப்பத் தையிலயே கல்யாணத்த வெச்சுக்கலாங்க. மார்கழி போவட்டும்."

மனைவியின் இருமல் உடனே குணமாகிவிட்டது.