வெயில் காலத்து லீவு

என்னங்க,

காலையில் தீவுக்குப் பறந்தபோது, "அங்கே நல்ல வெயில்" என்று மைக்கில் சொன்னேன். சுற்றுலாக் கூட்டம் கை தட்டியது. உங்கள் உப்புப் பாத்தியை நினைத்துக்கொண்டேன். வெயில் அடித்தால் உங்களுக்கும் வேலை, எனக்கும் வேலை. மழைக்காலத்தில்தான் எனக்கு லீவு. "மழ பேஞ்சாத்தான் ஊட்டுக்கு வருவியா?" என்று போனில் அலுத்துக்கொண்டீர்களே.

இந்த ஏர்லைன்ஸைக் கூட்டாக நடத்திய இரண்டு கம்பெனிகளும் பிரிந்துவிட்டன. விமானத்தில் ஒன்றின் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். யூனிஃபார்மைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன், திருப்பிக் கொடுக்க வேண்டும். கால் வலிக்கிறது.

பாப்பாவிடம் இப்போது எதுவும் சொல்ல வேண்டாம். வெள்ளிக்கிழமை மரக்காணத்தில் இறங்குவேன். வேலையை விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வராதீர்கள், நானே பாத்திக்கு வருகிறேன்.

மழை இல்லையே, எப்படி வந்தாய் என்று மட்டும் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி