மதில்மேல் வைத்த இலைச்சோறு

அக்கா,

இன்று காலை உடுப்புக் காயப்போடப் பின்வளவுக்குப் போனேன். மதிலோடு படர்ந்திருக்கிற மல்லிகைக்குள் ஒரு கொண்டைக்குருவி வாயில் நாருடன் புகுந்தது. கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பவும் நார் பொறுக்கப் போனது. கையில் ஈர உடுப்போடு மதில் பக்கம் திரும்பி, "அக்கா, குடிவந்திட்டினம்" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நல்ல மனிதர்கள்தான், ஆனால் மதிலுக்கு மேலால் கதைக்கிற பழக்கம் அவர்களுக்கு இல்லை.

நமக்கு மட்டும் முதலில் இருந்ததா என்ன? கொழும்பு வெள்ளவத்தையில் எத்தனையோ வருடம் முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளில் இருந்தோம். உங்கள் கேட் ஓர் ஒழுங்கையில், எங்கள் கேட் அடுத்த ஒழுங்கையில். பஸ் ஓயாத காலி வீதியில் கண்டால் தலையாட்டுவோம். நீங்கள் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர், பூப்போட்ட கவுனும் குடையுமாக ஞாயிறு பூசைக்குப் போகிறவர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் கட்டி வந்தவள். ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பிறகு கொரோனா வந்தது. ஊரடங்கு போட்டார்கள். காலி வீதியே மூச்சுவிடாமல் கிடந்தது. அந்த அமைதியில்தான் நமது பின்வளவில் இவ்வளவு குருவிகள் இருக்கின்றன என்பது இரண்டு பேருக்கும் தெரியவந்தது.

முதலில் கதைத்தது நீங்கள்தான். "தங்கச்சி, பாண் வண்டி வந்திச்சா?" என்று கேட்டீர்கள். இல்லை, இன்றைக்கும் பாண் இல்லாமல்தான் காலைச் சாப்பாடு என்றேன். அதோடு போயிருக்கலாம். நீங்கள் மதிலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "அந்த ஒயர்ல ஒரு நீலக் குருவி உக்காந்திருக்கே, நேத்தும் அதே எடத்துலதான் இருந்திச்சு. இன்ஸ்பெக்டர் மாதிரி" என்றீர்கள். அது மீன்கொத்தி. அன்றிலிருந்து அது இன்ஸ்பெக்டர்தான்.

உங்களுக்கும் குருவிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் நிறையக் கதைக்க முடிந்தது. கூட்டமாக வந்து கத்தித் தீர்க்கிற மண்ணிறக் குருவிகளுக்கு நான் மாதர் சங்கம் என்று பெயர் வைத்தேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "சிங்களத்துல அதுக்குத் தெமலிச்சான்னு பேரு, தங்கச்சி. சத்தம் போடுறதைப் பாத்து நம்ம தமிழ்ப் பொம்பளைங்க பேரையே வச்சிட்டாங்க." நமது சிரிப்புச் சத்தத்தில் மாதர் சங்கமே எழுந்து பறந்தது. பருப்பு விலை, மெல்பேர்னில் இருக்கிற உங்கள் மகள், எங்கள் வீட்டுக் குழாயில் வராத தண்ணீர், இதெல்லாம் குருவிகளுக்கு இடையில் வந்து போகும். உங்கள் வீட்டுக்காரர் இறந்தபின் அந்த வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவது எப்படி இருக்கிறது என்பதையும் குருவியைப் பார்த்தபடிதான் சொன்னீர்கள்.

மல்லிகைக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டியது அந்த நாட்களில்தான். குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு தலை நீட்டத் தொடங்கியதும் காகங்கள் மோப்பம் பிடித்துவிட்டன. நீங்கள் வெற்றுப் பால்மாத் தகரப் பேணியும் கரண்டியுமாகக் கிளம்பினீர்கள். இந்தப் பக்கம் நான் மூடியும் அகப்பையும். ஒரு காகம் கூரையில் தெரிந்தால் போதும், இரண்டு வளவிலும் கோயில் மேளம் தோற்கும். சனிக்கிழமையில் காகத்துக்குச் சோறு வைக்கிற சாதி நாங்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் காகத்தைக் கண்டதும், "தங்கச்சி, உங்க சொந்தக்காரங்க வந்துட்டாங்க!" என்று கூப்பிடுவீர்கள். நானும் வெட்கமில்லாமல் என் சொந்தக்காரரைத் துரத்துவேன். ஒரு கிழமைக்குள் காகங்கள் எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டன.

அந்த நேரம்தான் கனடாவில் அம்மா போனா. விமானம் இல்லை. அண்ணா தனியாக எல்லாம் செய்தான். நான் போன் திரையில் ஒரு பெட்டியையும் நான்கு மாஸ்க்குகளையும் பார்த்தேன். மதிலடியில் வந்து நின்று உங்களிடம் சொன்னேன். முதன்முறையாக அன்று நாம் குருவி பார்க்காமல் நின்றோம்.

முப்பத்தோராம் நாள் சடங்குக்காவது அம்மாவுக்கு என் கையால் சமைத்துப் படைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். இவர் வேலை செய்யும் இடத்தில் ஒருவருக்குத் தொற்று என்று எங்கள் கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். வாசலைத் தாண்ட முடியாது. வீட்டில் இருந்ததை வைத்து கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், உழுந்து வடை, பாயசம் என்று செய்து, இலையில் போட்டுப் பின்வளவுத் திண்ணைக் குந்தில் வைத்தேன். காகம் எடுத்த பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம். அங்கே அண்ணாவும் என் செய்திக்காகச் சாப்பிடாமல் இருந்தான்.

காகம் வரவில்லை. கா கா என்று கூப்பிட்டேன். இவரும் வந்து கூப்பிட்டார். மத்தியானம் திரும்பி, சோறு காய்ந்து, எறும்பு ஏறத் தொடங்கியது. அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கப் போகாத மகள் வைத்த சோறு அம்மாவுக்கு வேண்டாம் போலும் என்று எனக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. படியில் இருந்தபடி வாய்விட்டு அழுதேன்.

உங்கள் தலை மதிலுக்கு மேல் தெரிந்தது. "என்ன தங்கச்சி?"

"அம்மாவுக்குக் கோபம் அக்கா. காகம் வருகுதில்லை."

"உங்கம்மாவுக்கு ஒரு கோபமும் இல்ல. பேணியில அடிச்சுத் துரத்தினது யாரு? நானும் நீங்களும்தானே. அதுங்க பயந்து போயிருக்கு." கொஞ்சம் யோசித்தீர்கள். "புதுசா ஒரு இலையில போட்டு மதில்ல வச்சிட்டுத் தள்ளி நில்லுங்க. கடலோரம் ரயில் ரோட்டுல எவ்வளவு காக்கா நிக்கும். நான் கொண்டுபோய் வைக்கிறேன்."

"ஊரடங்கு அக்கா. பிடிச்சிட்டாங்கள் எண்டால்?"

"புடிச்சா புடிக்கட்டும். என் வயசுக்கு எனக்கும் ஒரு ஜீப் சவாரி வேணாமா?"

இலையை மதிலில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். அதை இரண்டு கையாலும், நற்கருணை எடுக்கிற மாதிரி, எடுத்தீர்கள். பிறகு உங்கள் கேட் சத்தம் கேட்டது. நான் நினைத்த நேரம்கூட ஆகவில்லை, திரும்பி வந்துவிட்டீர்கள். மூச்சு வாங்கியது. முகத்தில் மாஸ்க், கண்ணில் சிரிப்பு.

"முனையில ஒரு பொலிஸ் பொடியன் மறிச்சிட்டான். 'கபுட்டன்ட பத் தென்ன'ன்னேன். காக்காவுக்குச் சோறு குடுக்கப் போறேன்னு சிங்களத்துல சொன்னதும் அவனுக்கே சிரிப்பு வந்திட்டு. சீக்கிரம் போய்ட்டு வாங்க அம்மேன்னு விட்டுட்டான். இலையை வச்சுத் திரும்பல, வந்திட்டு ஒண்ணு. முதல்ல வடையைத்தான் தூக்கிச்சு. பெறகு சோறு, பெறகு எல்லாம். அம்மா நல்லா சாப்பிட்டாங்க, தங்கச்சி. போங்க, போய் நீங்களும் சாப்பிடுங்க."

அம்மாவும் எந்த விருந்திலும் முதலில் வடையைத்தான் கையில் எடுப்பா. அண்ணாவுக்கு உடனே எடுத்துச் சொன்னேன். அவன் அங்கே போனிலேயே குழறி அழுதுவிட்டு, சாப்பாட்டுக் கோப்பையை இழுத்துவைத்துச் சாப்பிடத் தொடங்கியது எனக்குக் கேட்டது. நானும் சாப்பிட்டேன்.

குஞ்சுகள் பறந்துபோயின. ஊரடங்கும் போனது. தெருவில் சத்தம் திரும்பி வந்த பிறகும் நாம் மதிலடியை விடவில்லை. முழங்கால் வலி மோசமாகி, நீங்கள் வீட்டைக் கொடுத்துவிட்டுக் கொட்டாஞ்சேனையில் தம்பி வீட்டோடு போனபின்பும், பின்னேரங்களில் போன் எடுத்து, "இன்ஸ்பெக்டர் டியூட்டியில இருக்காரா?" என்று கேட்பீர்கள்.

போன வருடம் நீங்கள் கண்ணை மூடிய செய்தி வந்த அன்று அடைமழை. ஓட்டோ ஆமர் வீதிப் பக்கம் தண்ணீரில் நின்றுவிட்டது. நனைந்து நனைந்து நான் வந்து சேர்ந்தபோது அன்றே அடக்கம் என்று பெட்டியை மூடிவிட்டிருந்தார்கள். மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது.

அடுத்த நாள் மெல்பேர்னிலிருந்து உங்கள் மகள் எடுத்தாள். நிறைமாதம், விமானத்தில் ஏறக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். "மாமா படம் அனுப்பியிருக்காரு அன்ரி. அதைத் திறந்து பாக்க எனக்குத் தைரியம் இல்ல. நீங்க போனீங்கதானே. அம்மாட முகம் எப்படி இருந்திச்சு?"

நான் யோசிக்கவே இல்லை, அக்கா. "நல்ல அமைதியா இருந்தவ, பிள்ளை. பகல் நித்திரை கொள்ளுற மாதிரி. வாயோரத்தில அந்தச் சிரிப்பும் இருந்தது" என்றேன்.

"நீங்க பக்கத்துல நின்னு பாத்தீங்களா?"

"ஓம் பிள்ளை. பக்கத்தில நிண்டு பாத்தனான்."

அந்தப் பக்கம் நெடுநேரம் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "காலையிலயிருந்து ஒண்ணும் சாப்பிடல அன்ரி. போய் ஏதாச்சும் சாப்பிடுறேன்" என்றாள்.

போனை வைத்த பிறகுதான் எனக்கு அந்த நினைப்பு வந்தது. முனையில் நின்ற அந்தப் பொலிஸ் பொடியன் உங்களை உண்மையாகவே கடலுக்கு விட்டானா? இல்லை, திருப்பி அனுப்பிவிட்டானா? அவ்வளவு கெதியாக எப்படி வந்தீர்கள்? ரயில் ரோட்டில் காகம் நின்றதா? முதலில் தூக்கியது வடையைத்தானா?

தெரியாது. தெரிய வேண்டும் என்றும் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்று. அம்மா போன நாளிலிருந்து எந்தச் சோறும் எனக்குத் தொண்டையால் இறங்கவில்லை. நீங்கள் மதிலுக்கு மேலால் சொன்ன அன்றுதான் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.