மாடிக்காரி கேட்கும் கேள்விகள்

செப்டம்பர் 4, புதன்

சலவைக்கூடத்தில் இன்று முழுக்க ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்புகள். இஸ்திரி உருளையிலிருந்து சூடாக வருவதைப் பிடித்து மடித்து மடித்து விரல் நுனியெல்லாம் எரிகிறது. வீட்டுக்கு வந்தால் படிக்கட்டில் அவள் — மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவள். "அக்கா, நீங்களும் நம்ம ஊராமே!" என்று முகமெல்லாம் பல்லாக நின்றாள். இவளிடம் யார் சொன்னது?

ஊர்ப் பெயரைச் சரியாகத்தான் சொன்னாள். எந்தத் தெரு என்று கேட்டேன். "சின்ன வயசுலயே கிளம்பிட்டோம்க்கா, ஞாபகமில்ல." தெரு ஞாபகமில்லையாம், ஊர் மட்டும் ஞாபகமிருக்கிறதாம். பேச்சும் எங்கோ இடறுகிறது.

செப்டம்பர் 8, ஞாயிறு

மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது மறுபடியும் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் எந்தப் பக்கம்? ஆஸ்பத்திரிக்குப் பின்னால் என்ன இருந்தது? பஸ் எங்கே திரும்பும்? ஊர் நினைப்பு வந்தவர்கள் அழுவார்கள், இல்லாவிட்டால் சிரிப்பார்கள். இவள் உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொள்கிறாள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வாயைத் திறக்காதே. எதிர்வீட்டுக் குடும்பத்தை யாரோ போட்டுக்கொடுத்துத்தான் போன வருஷம் திருப்பி அனுப்பினாங்க. இவ குடியேற்ற ஆபீஸ் ஆளா இருந்தா?" என்றார்.

இந்த நாட்டில் தங்கும் எங்கள் அனுமதியே புதுப்பிக்கப்படாமல் கிடக்கிறது. மகள் நர்சிங் படிப்பில் சேரப்போகிற நேரம். மறைக்க எங்களிடம் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. இருந்தாலும் பயம்.

செப்டம்பர் 12, வியாழன்

மகளையும் நிறுத்தி வைத்துப் பேசுகிறாள். "பாவம்மா அவங்க" என்கிறது இந்தப் பெண். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்று வேண்டுமென்றே ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். "பாலத்துக்குக் கீழதானே சந்தை கூடும்? மழை வந்தாலும் நனையாம வாங்கலாம்."

எங்கள் ஊரில் பாலமே கிடையாது. ஆறு இருந்தால்தானே பாலம்! அவளோ கண்ணை மூடித் தலையாட்டினாள். "ஆமாக்கா, பாலம்."

வசமாக மாட்டினாய்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மாட்டிக்கொண்டது யார் என்று இப்போது தெரியவில்லை.

கீழே வாசலில் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்கம்மா என்னை இடுப்புல வச்சுக்கிட்டு பாலத்துக்குக் கீழ இருக்கிற சந்தைக்குப் போவாங்க. மழையில கூட நனைய மாட்டோம்." குரல் தழுதழுத்தது. கண்ணில் நிஜமாகவே நீர்.

வேவு பார்க்க வந்தவள் என் பொய்யை ஏன் தன் அம்மா இடுப்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும்?

பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கம் சண்டை ஓயவில்லை என்று எங்கள் ஊர்க்காரர்களை மட்டும்தான் இந்த நாட்டுக்காரர்கள் இன்னும் திருப்பி அனுப்புவதில்லை. அவளுக்கு வேண்டியது எங்களைப் பற்றிய துப்பு இல்லை. எங்கள் ஊரே வேண்டும்.

அதை நினைத்தால் இன்னும் எரிகிறது. எரிந்த வீடு என்னுடையது. செத்தது என் அண்ணன். இவள் யார் அதற்குச் சொந்தம் கொண்டாட?

செப்டம்பர் 27, வெள்ளி

குடியேற்ற அலுவலகத்திலிருந்து போன். தன்னைத் தெரிந்தவள் என்று என்னைக் கைகாட்டியிருக்கிறாள்! வருகிற வியாழக்கிழமை அவளுடைய விசாரணை. நான் வந்து சாட்சி சொல்ல வேண்டுமாம்.

இவர் குதித்தார். "தெரியாதுன்னு ஒரே வார்த்தை. முடிஞ்சது கதை. நீ பொய் சொன்னது தெரிஞ்சா நம்மளையும் சேர்த்து மூட்டை கட்டிடுவாங்க."

நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தைச் சொல்லும்போது ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை?

அக்டோபர் 2, புதன்

மாடிக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அறையில் ஒரு மெத்தை, ஒரு அடுப்பு. அவ்வளவுதான்.

"என்னை எதுக்குடி இழுத்தே?"

"வேற யாரையும் தெரியாதுக்கா."

"நீ எங்க ஊரே இல்ல."

அப்படியே மெத்தையில் உட்கார்ந்துவிட்டாள். "எங்க பக்கம் சண்டை முடிஞ்சுபோச்சாம், திரும்பிப் போங்கன்னு சொல்றாங்க. எங்க வீட்டுல இப்ப யாரு குடியிருக்காங்கன்னு எனக்குத்தானேக்கா தெரியும்?"

விடுவிடுவென்று இறங்கினேன். பாதிப் படியில் கால் நின்றுவிட்டது. நாளைக்கு அங்கே போய் அந்தப் பாலத்தைச் சொல்வாள். நான் கட்டிக்கொடுத்த பாலம்!

திரும்பி ஏறினேன். "பாலம் கிடையாது. சந்தை ரயிலடிக்குப் பின்னால. நனைஞ்சுக்கிட்டேதான் வாங்கணும்."

விளங்காமல் பார்த்தாள். பிறகு விளங்கிவிட்டது. "அப்ப நீங்க ஏன்க்கா..."

"உன்னை நம்பல. இப்பவும் நம்பல. திருப்பிச் சொல்லு."

சொன்னாள்.

அக்டோபர் 3, வியாழன்

"இவங்களை உங்களுக்குத் தெரியுமா?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"தெரியும்."

"எப்படி?"

"சந்தையில அவங்கம்மா இடுப்புல பார்த்திருக்கேன்."

என் வாயா அது? அதிகாரி என்னையே பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் எங்கள் பாஷைக்காரர் — அவர் ஏன் சிரித்தார்?

வீட்டுக்கு வந்து இவரிடம், "தெரியாதுன்னு சொல்லிட்டேன்" என்றேன்.

நவம்பர் 16, சனி

அவளுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இவருக்கும் விளங்கியிருக்கும், கேட்கவில்லை. எங்களுடையது இன்னும் வரவில்லை. அந்த அதிகாரி எதையாவது மோப்பம் பிடித்துவிட்டாரோ? தினமும் நினைக்கிறேன். மகளிடம் சொல்வதில்லை.

அவளும் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள்; என் உருளையிலேயே போட்டிருக்கிறார்கள். விரிப்பின் ஒரு தலைப்பை அவள் பிடிக்கிறாள், இன்னொன்றை நான். மடிக்க மடிக்க இருவரும் நெருங்கி வருவோம். இன்று அப்படி நெருங்கியபோது, இயந்திரச் சத்தத்துக்குள், தன் நிஜமான ஊரின் பெயரை என் காதில் சொன்னாள். வீட்டுக்குப் பின்னால் ஏரியாம். நீச்சல் கற்றுக்கொடுக்கிறேன் என்று அப்பா தூக்கிப் போட, தண்ணீரைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து அடியும் வாங்கினாளாம். சொல்லும்போது அழவில்லை. சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் வந்து நின்றார். என்ன பேச்சு என்றார்.

"ஊர்க்கதைதான் சார்" என்று இந்த நாட்டு மொழியில் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஊரு."

அவர் என்னைப் பார்த்தார். "ஆமாம் சார்" என்றேன்.