தூங்குற எழுத்து

என் அன்புப் பிடிவாதக்காரிக்கு,

நானும் நம் மகள் வாலுவும் சுகம். நீயும் சுகம் என்று எழுதியிருந்தாய். ஆனால் அதை நம்பும்படி அந்தக் கடிதத்தில் வேறு ஒரு வரியும் இல்லை.

போனிலேயே பேசியிருக்கலாமே என்பாய். போனில் பேசினால் உனக்கு வார்டில் மணி அடிக்கும், எனக்குக் கடையில் ஆள் வந்து நிற்கும், பாதிப் பேச்சு சண்டையில் முடியும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். வாலுவை உன் அக்கா வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்.

அக்கா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். இருக்கட்டும். ரப்பர் முத்திரைக் கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு கதவுதான். கடை முழுக்க மையும் கத்தியும். ஆம்பளை ஒருத்தன் வேலையையும் பார்த்துக்கொண்டு மூன்று வயதுப் பிள்ளையையும் பார்க்கிறான். மழலைப் பள்ளியில் அடுத்த வருஷம்தான் இடம் என்று கையை விரித்துவிட்டார்கள். அக்காவின் பக்கத்து வீட்டுக் குழந்தை இதே வயதில் எல்லா எழுத்தையும் எழுதிக் கிழிக்கிறதாம், நம்மவளுக்கு அ-னா கூடத் தெரியவில்லையாம். எல்லாம் சரி. ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதினாயே, அவள் அங்கே இருந்தால் நீ நிம்மதியாக அந்த ஊர் ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடலாம் என்று, அது எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அவள் அங்கே போனால் நீ வரமாட்டாய். அதனால் அவள் போகமாட்டாள்.

அக்கா இந்த மாதக் கடைசியில் வருகிறாளாம். ஒரு எழுத்தாவது ஒழுங்காகத் தெரிந்தால் விட்டுவிட்டுப் போகிறேன், இல்லையென்றால் கையோடு கூட்டிக்கொண்டு போவேன் என்று எனக்கும் போனில் சொன்னாள். வரட்டும். அதற்குள் நான் பண்ணுகிற வேலையைக் கேள்.

படம் போட்ட எழுத்து அட்டை ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டினேன். மறுநாள் யானைக்கு மீசை முளைத்திருந்தது. பாட்டுப் போட்டுப் பார்த்தேன், ஆடினாளே தவிர ஒரு எழுத்தையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது. இவள் கண்ணால் கற்கிற ஆள் இல்லை, எதையும் தடவிப் பார்க்காமல் நம்பாத ஆள். உன்னைப்போல.

கடையில் வெட்டி மிஞ்சிய ரப்பர் துண்டுகள் கிடக்குமே, அதில் உள்ளங்கை அகலத்துக்கு எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டினேன். ஓரமெல்லாம் உப்புத்தாளால் தேய்த்துவிட்டேன். வாயில் போட முடியாத அளவு பெரியவை, நர்ஸம்மா பயப்பட வேண்டாம். மேடாக இருக்கும் எழுத்தின்மேல் விரலை ஓட்டுவாள், பிறகு பக்கத்துத் தட்டில் பரப்பிய மாவில் அதே விரலால் வரைவாள். அரிசி டப்பாவுக்குள் எழுத்துகளை ஒளித்துவைப்பேன். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டுத் துழாவி, தொட்டதுமே இது இன்னதென்று சொல்ல வேண்டும். குளிக்கும்போது ஈரப் பஞ்சால் சுவரில் உ எழுதிவிட்டு, அது காய்ந்து மறைந்ததும் வாத்து ஓடிவிட்டது என்று கத்துவாள். உ-வுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் வாத்து. ஃ-க்குப் பெயர் மூணு பொத்தான். அதை நிஜப் பொத்தானால்தான் ஒட்டுவேன் என்று அடம்பிடித்ததில் என் நீலச் சட்டை இப்போது திறந்த சட்டை ஆகிவிட்டது.

நீ போன் திரையில் முகம் காட்டினால் அவள் மேசைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள், என்னை மறந்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். மறக்கவில்லை. ஏன் ஒளிகிறாள் என்பதுதான் எனக்கும் பிடிபடவில்லை. கண்டுபிடித்துச் சொல்கிறேன். அதுவரைக்கும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே, வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
குறுக்கே பேச ஆளில்லாமல் தவிக்கும்
உன் முத்திரைக்காரன்

•

என் அன்புப் பிடிவாதக்காரிக்கு,

உன் அக்கா வந்துவிட்டுப் போய்விட்டாள். என்ன ஆயிற்று என்று கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அக்கா வருவதற்குச் சில நாள் முன்பு, ஆர்டர் கொடுத்த முத்திரையை வாங்க ஒரு டீச்சர் வந்தார். கடை மேசையில் வாலு மாவுத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். நான் பெருமையாகக் காட்டினேன். டீச்சர் பார்த்துவிட்டு, 'நல்லாத்தான் எழுதறா. ஆனா ஏங்க எல்லாத்தையும் திருப்பித் திருப்பி எழுதறா' என்றார். நான் குனிந்து பார்த்தேன். எனக்குச் சரியாகத்தான் பட்டது. எதைத் திருப்பி எழுதுகிறாள் என்று அவரையே கேட்டேன் என்றால் பார்த்துக்கொள். அவர் கைப்பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் பிடித்தார். அதில் அழகான ஒரு அ தெரிந்தது. தட்டில் இருந்தது வேறு.

என் கைதான் காரணம். ரப்பரில் எழுத்து திரும்பியிருந்தால்தான் காகிதத்தில் நேராக விழும். இத்தனை வருஷம் அப்படியே வெட்டிப் பழகிய கை, பெற்ற பெண்ணுக்கு வெட்டும்போதும் தன் போக்கில் போய்விட்டது. கண்ணும் அதற்கு ஒத்து ஊதியிருக்கிறது. கண்ணாடியில் பார்த்தாலும் ஒரே மாதிரி இருப்பதால் ஃ மட்டும் தப்பித்தது. சிரிக்காதே என்று எழுத வந்தேன். பரவாயில்லை, சிரி. நீ சிரித்து நாளாகியிருக்கும்.

எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. உட்கார்ந்து எல்லாவற்றையும் நேராக வெட்டினேன். கை கேட்கவே மாட்டேன் என்றது, ஒவ்வொரு வளைவிலும் அதை அதட்ட வேண்டியிருந்தது. அவ்வளவு பாடுபட்டுக் கொடுத்தால் மகாராணி அதைத் தொடவே இல்லை. 'இது என் அ இல்ல' என்று ஒரே அழுகை. பழையதை அலமாரி மேல் ஒளித்தேன், நாற்காலி போட்டு ஏறி எடுத்துவிட்டாள். நான் தோற்றுப்போய் அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

பக்கத்தில் வந்தவள் அந்தப் பழைய அ-வை மாவின்மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். எடுத்தாள். மாவில் நேரான அ பதிந்திருந்தது. ரப்பரைப் பார்த்தாள், மாவைப் பார்த்தாள், மறுபடி ரப்பரைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பிடித்து இழுத்து, 'அப்பா, அ முழிச்சுக்கிச்சு' என்றாள்.

ரப்பரில் இருக்கும் எழுத்து குப்புறப் படுத்துத் தூங்குகிறதாம், அழுத்தினால் எழுந்து உட்காருகிறதாம். அன்றைக்கு ஆரம்பித்ததுதான். வீட்டில் எதையும் விடவில்லை, சாவி, சீப்பு, என் கட்டைவிரல் எல்லாவற்றையும் மாவில் அழுத்தி எழுப்பிவிட்டாள். புது எழுத்துகளுக்கும் மன்னிப்புக் கிடைத்தது. பழையது தூங்குற அ, புதியது முழிச்ச அ. இரண்டையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவாள். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை, சும்மா மாவு பிசைந்தேன், அவ்வளவுதான்.

அக்கா ஒரு காலிப் பையோடு வந்தாள். வாலுவின் துணிமணிக்காம். வந்ததும் டீயைக்கூடக் குடிக்காமல் சிலேட்டை நீட்டி, 'கண்ணு, பெரியம்மாவுக்கு ஒரு அ எழுதிக் காட்டு' என்றாள். இவள் எழுதினாள். திரும்பிய அ. அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சின்ன வயதில் நீ தினமும் வாங்கியதாகச் சொல்வாயே, அதே பார்வை. நான் வாயைத் திறப்பதற்குள் வாலு, 'இது தூங்குது பெரியம்மா' என்று சொல்லி, அதற்குக் கீழேயே நேராக ஒன்று எழுதி, 'இப்ப முழிச்சுக்கிச்சு' என்றாள். அக்கா இ கேட்டாள், உ கேட்டாள். தூங்குவதும் முழிப்பதுமாகச் சிலேட்டு நிறைந்தது.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அக்கா சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு, 'எழுத்து தெரியுது மாப்பிள்ளை, ஒத்துக்கறேன். ஆனா எழுத்து மட்டும் போதுமா? தாயில்லாம என் தங்கச்சியை இந்தக் கையாலதான் வளர்த்தேன். அவ பொண்ணையும் வளர்க்கறேன்னு சொன்னா தப்பா' என்று கேட்டாள். தப்பில்லை என்றேன், ஆனால் தரமாட்டேன் என்றேன். பேச்சு தடித்தது. எனக்குக் கோபம் வந்தால் குரல் எங்கே போகும் என்று உனக்குத் தெரியும். அக்காவுக்கும் குறைச்சல் இல்லை. இடையில் வாலுவைக் காணவில்லை.

அடுப்படியில் இருந்தாள். அலமாரியில் இருக்கும் உன் போட்டோவை எடுத்துவந்திருந்தாள், யூனிஃபார்மில் நீ சிரிக்கிற போட்டோ. மாவைத் தரையில் பரப்பி, அதன்மேல் உன்னைக் குப்புற வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை, சட்டத்தின் சதுரம் மட்டும்தான். மறுபடி வைத்து, இந்தத் தடவை முழங்காலைப் போட்டு அமுக்கினாள். பிறகு எங்களை நிமிர்ந்து பார்த்து, 'அம்மா முழிக்க மாட்டேங்கறா' என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தூக்கிச் சமாதானம் பண்ணியிருப்பேன்.

அப்போதுதான் அவளிடம், ஏன் போனைக் கண்டு ஒளிகிறாய் என்று கேட்டேன். 'அம்மா பேசிட்டே இருப்பா, அப்புறம் கறுப்பாயிடுவா' என்றாள். போன் திரை அணைவதைத்தான் சொல்கிறாள். நீ அணைவதைப் பார்க்கக் கூடாது என்றுதான் ஒளிந்திருக்கிறாள். மறந்துவிட்டாள் என்று நீ அங்கே அழுதுகொண்டிருக்கிறாய்.

அக்கா அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். போட்டோவில் ஒட்டிய மாவை விரலால் துடைத்துத் துடைத்து எடுத்தாள். பிறகு, 'இவளை நான் கூட்டிட்டுப் போனா உங்க போட்டோவையும் சேர்த்து அழுத்துவா, மாப்பிள்ளை' என்றாள். ஆறிப்போன டீயைக் குடித்தாள், காலிப் பையை மடித்து வைத்துக்கொண்டாள். கிளம்பும்போது வாலு அவள் உள்ளங்கையில் மூணு பொத்தானை மையால் குத்திவிட்டாள். பஸ் கிளம்பும்வரை அந்தக் கையை அக்கா எதிலும் படாமல் பிடித்திருந்தாள். உனக்குக் கடிதம் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். என்ன எழுதினாலும் பொறுமையாகப் படி, அவளை இனி நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதில் இருப்பது உன் மகளின் வலது கை. ஊதா மை அவளே தேர்ந்தெடுத்தது. பக்கத்தில் இடம் விட்டிருப்பதும் அவள்தான். அங்கே நீ கையை வைத்து அழுத்தி அனுப்ப வேண்டுமாம், போட்டோ கண்ணாடிக்குள் இருப்பதால்தான் நீ முழிக்கவில்லை என்று முடிவு கட்டியிருக்கிறாள்.

வாலு இங்கேதான் இருப்பாள். அதில் மாற்றம் இல்லை. கடையையும் அவளையும் நான் பார்த்துக்கொள்வேன், கஷ்டம் வந்தால் நீ வந்தபிறகு சேர்ந்து பார்த்துக்கொள்வோம். நல்லபடியாக இரு, உன் நோயாளிகளும் நல்லபடியாக எழுந்து வீட்டுக்குப் போகட்டும். மகள் அனுப்பிய தாளில் கையை வை. ஆஸ்பத்திரிக்காரர்கள் நீட்டும் ஒப்பந்தத் தாளில் மட்டும் வைக்காதே, தாயே.

மாவும் கையுமாக,
உன் முத்திரைக்காரன்