கேரலின் கிறிஸ்மஸ் கவுனுக்கு அளவு

ரிச்சர்ட்ஸ் டவுன்,
அக்டோபர் 12

அன்பு மகள் கேரலுக்கு,

மாதா தயவில் அப்பாவும் நானும் இங்கே சுகம், லீட்ஸ் குளிரில் நீயும் சுகமாக இருக்க தினமும் ஜெபமாலை சொல்கிறேன். போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். எதிர் வீட்டு கில்பர்ட் மாமா வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள், நம் வீட்டுச் சாம்பாரில்கூட அந்த வாசனை.

போன மாதம் டாக்டர் எனக்குச் சுகர் என்று மாத்திரை எழுதி, எடையும் குறைய வேண்டும் என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா, பக்கத்து வீட்டு அன்னா முன்னே இளைத்தாளே, அவளுக்கு எழுதிக் கொடுத்த டயட் சார்ட்டை ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொண்டேன். காலையில் வெள்ளரிக்காய் ஜூஸ் மட்டும். ஞாயிற்றுக்கிழமை வெறும் வயிற்றோடு நற்கருணை வாங்க வேண்டுமே என்று அதையும் விட்டு, மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுப் பூசைக்குப் போனேன். நற்செய்தி வாசிப்புக்கு எல்லோரும் எழுந்தார்கள், நான் பெஞ்சில் சரிந்துவிட்டேன். பாதர் வாசிப்பை நிறுத்திவிட்டார், சுகர் இறங்கிவிட்டது என்று யாரோ வாயில் சர்க்கரை போட்டார்கள்.

மறுநாள் டாக்டர் என்னை ஆஷ்லி என்ற டயட்டீஷியன் பெண்ணிடம் அனுப்பினார். ஒரு மணி நேரம் கேள்வி. தூக்கம் எப்படி, மாதவிடாய் எந்த வயதில் நின்றது, எந்தப் படி ஏறினால் முட்டி வலிக்கிறது, ஞாயிறு பிரியாணி எவ்வளவு, எல்லாம் கேட்டாள். அப்புறம், அன்னா உடம்புக்கு எழுதினத நீங்க ஏன் ஆன்ட்டி சாப்பிடுறீங்க என்று சிரித்தாள். இப்போது காலையில் ராகி தோசையும் முட்டையும், சாப்பிட்டதும் பத்து நிமிஷ நடை, நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து எழும் பயிற்சி. பிரியாணியை நிறுத்தவில்லை, ஒரு கரண்டி, கூடவே நிறைய காய். ஒன்றரை கிலோதான் இறங்கியிருக்கிறது, ஆனால் மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை.

ஆஷ்லி சிரித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லையம்மா. அதே சார்ட்டைத்தானே ஐந்து வருஷமாக உனக்கு அனுப்பினேன். பிசிஓடி, அதனால்தான் எடை ஏறுகிறது என்று நீ சொன்னதற்கு, சாக்கு சொல்லாதே என்றேன். ஏழு மாதமாக நீ கேமராவை அணைத்துவிட்டுத்தான் பேசுகிறாய், நெட் சரியில்லை என்றதை நம்பியதுபோல நடித்தேன். இப்போது கிறிஸ்மஸுக்கும் வரவில்லை என்கிறாய். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கிறிஸ்மஸ் கவுனையும் இரண்டு இன்ச் குறைத்துத் தைக்கும்படி டெய்லர் வெங்கடசாமியிடம் சொன்னது நான்தான், அதைப் பார்த்தாவது இளைப்பாய் என்று. நீ அவரைத் திட்டினாய், நான் வாயே திறக்கவில்லை. நீ கண்ணாடி முன்னால் நின்று ஜிப்போடு போராடியதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மன்னித்துவிடு கண்ணு.

இனி உன் எடையைப் பற்றி நான் பேசமாட்டேன், அது உன் டாக்டரும் நீயும் பார்த்துக்கொள்வது. காலைச் சாப்பாட்டை மட்டும் விடாதே. பச்சைப் பூப்போட்ட துணி எடுத்து வைத்திருக்கிறேன், இன்னும் வெட்டவில்லை. ஆண்டவர் உன்னைக் கண்போல் காக்கட்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

நவம்பர் முடிவதற்குள் வெங்கடசாமிக்கு அளவு வேண்டும், மறக்காதே. இன்றைக்கு இருக்கிற அளவையே அனுப்பு, ஒரு நூல்கூடக் குறைக்கச் சொல்லமாட்டேன். நேரில் வந்து கொடுத்தால் நானே டேப் பிடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா பிரிஜெட்